ஆக்ஸ்போர்டுக்கு எழுத்தீந்த ஜான் ஃபெல்

ஆங்கிலம் பயில்வாருள் டாக்டர் ஃபெல் என்னும் பெயரைக் கேளாதார் சிலரே. ஆயினும் அப்பெயர் அவர்தம் செவிக்கு எட்டியது அப்பெரியார் செய்த செயல்களால் அன்று. காரணம் இன்னதெனக் கூறாமலே அவரை வெறுப்பதாகச் சொல்லும் நான்கடி வசைப்பாட்டு ஒன்றினாலேயாம். அதனைப் பாடியவன் டாம் பிரவுன் என்னும் மாணவன் என்பர். கலாசாலையினின்று விலக்கப்படவிருந்த அவனை நோக்கி, இலத்தீன் புலவராகிய மார்ஷியலின் சிறு செய்யுளொன்றை நின்றவிடத்திலேயே மொழிபெயர்த்தால் மன்னிப்பதாகத் தலைவராகிய ஃபெல் கூறினாராம். அவனோ மூலத்திலிருந்த சபிடியஸ் என்னும் பெயரை நீக்கிவிட்டு, எதிரே வீற்றிருந்த தலைவரின் பெயரையே அமைத்துப் பாடிவிட்டானாம். கதை மெய்யோ, பொய்யோ, யாமறியோம். பாட்டு மட்டும் முந்நூறு ஆண்டுகளாக ஆங்கில நாட்டுச் சிறார் வாயில் வழங்கி வருகின்றது. அறுபத்தோராண்டு உழைத்து வாழ்ந்த ஒருவரைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரு மாணவனின் குறும்பு மாத்திரமே எனின், அது நீதியாகுமோ? அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தது இவ்வினா பற்றியே.

இக்காலத்துச் சர்வகலாசாலைகள் தத்தம் இலச்சினையைப் புதுக்கவும், கடிதத்தாளிலும் பட்டச்சான்றிலும் நூன்முகப்பிலும் ஒரே வகையான எழுத்தும் குறியும் விளங்கச் செய்யவும் ஓவியரை அமர்த்திப் பெரும்பொருள் செலவிடுகின்றன. பார்த்த மாத்திரத்தில் இஃது இன்ன கலாசாலையின் தாள் என்று அறியப்படவேண்டும் என்பதே அவற்றின் கருத்து. இது நேற்றுப் பிறந்த எண்ணம் எனப் பலர் கருதுவர். பதினேழாம் நூற்றாண்டிலேயே, அதற்கொரு பெயர்தானும் வழங்காத காலத்து, இப்பணியைத் தன்னந்தனியராய்த் தொடங்கி நடத்தியவர் ஃபெல்.

அவர் 1625ஆம் ஆண்டு பார்க்ஷயரிற் பிறந்தவர். தந்தையாராகிய சாமுவேல் ஃபெல், ஆக்ஸ்போர்டிலுள்ள கிறைஸ்ட் சர்ச் கலாசாலையின் டீன் என்னும் தலைமைப் பதவி வகித்தவர். தேம் என்னும் ஊர்ப் பள்ளியிற் பயின்ற மைந்தர், பதினொராம் வயதிலேயே தந்தையாரின் கலாசாலையில் மாணவராகச் சேர்க்கப்பட்டார். அவர் எம்.ஏ. பட்டம் பெற்ற 1643ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டு நிகழ்ந்து கொண்டிருந்தது. முதலாம் சார்லஸ் அரசர் ஆக்ஸ்போர்டையே தம் பாசறையாகக் கொண்டிருந்தமையால், மாணவர் பலர் ஏட்டை வைத்துவிட்டு வாளை எடுத்தனர். ஃபெல்லும் அவருள் ஒருவர். அரசர் தோற்றார். 1648இல் பார்லிமெண்டாரின் விசாரணைக்குழு வந்து, தங்கட்கு இணங்காத ஆசிரியரையும் மாணவரையும் வெளியேற்றியது. அப்போது சாமுவேல் ஃபெல் சிறையிலிருந்தார். அவர்தம் மனைவியாரோ தலைவரின் மனையைவிட்டு எழுந்து செல்ல ஒருப்படவில்லை. போர்வீரர் அவ்வம்மையாரை நாற்காலியோடு தூக்கிவந்து முற்றத்தில் இறக்கினர்; பிள்ளைகளைப் பலகைகளின்மேல் வைத்துச் சுமந்துவந்தனர். அடுத்த ஆண்டு சனவரி 30ஆம் நாள் அரசர் சிரச்சேதம் செய்யப்பட்டார். இரண்டு நாள் கழித்துப் பெப்ருவரி முதல் நாள் சாமுவேல் ஃபெல்லும் உயிர் நீத்தார். அரசருக்கு நேர்ந்தது கேட்டே அவர் மாண்டார் என்று கூறுவர்.

இருபத்துமூன்று வயதில் தந்தையையும் மனையையும் பதவியையும் ஒருங்கே இழந்த இளைஞர் ஆக்ஸ்போர்டைவிட்டு நீங்கினாரல்லர். இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப்புத்தகத்தைப் பொதுவிற் பயன்படுத்துதல் சட்டத்தால் விலக்கப்பட்டிருந்த அக்காலத்தில், மெர்ட்டன் வீதியிலுள்ள பீம் ஹால் என்னும் இல்லத்தில், மருத்துவர் தாமஸ் வில்லிஸ் என்பாரின் ஆதரவில், ஜான் டால்பென், ரிச்சர்டு ஆலஸ்ட்ரீ என்னும் நண்பர் இருவரோடு கூடி அவ்வாராதனையை இடையறாது நடத்திவந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இம்மூவரையும் ஒருங்கே எழுதிய ஓவியம் ஒன்று கிறைஸ்ட் சர்ச் மண்டபத்தில் உள்ளது. பிற்காலத்து ஃபெல்லைக் கடுமையானவர் என்று இகழ்வோர் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் உடன் நினைத்தல் வேண்டும். தம் வீட்டினின்று தாய் தூக்கி எறியப்பட்டதைக் கண்ட ஒருவர், ஒழுங்கு மீண்டபின் அதனைச் சிறிதும் நெகிழவிடாமற் காத்ததில் வியப்பென்னை?

1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அவ்வாண்டின் இறுதியிலேயே ஃபெல், தந்தையார் இருந்த அதே பதவியில் அமர்ந்தார். அதன்பின் அவர் செய்தவை பல. கார்டினல் உல்சி குறையாக விட்டுச்சென்ற பெருமுற்றத்தின் வடபுறத்தைக் கட்டி முடித்தார். மாணவர் அறைதோறும் தாமே சென்று அவர் பயில்வதைப் பார்ப்பார். தேர்வு நடக்குமிடத்தில் தாமே அமர்ந்து வினவுவார். அங்கியும் தொப்பியும் இன்றி வெளிவருவாரைப் பொறார். 1666 முதல் 1669 வரை சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்தார். 1676இல் ஆக்ஸ்போர்டு அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோதும் கலாசாலைத் தலைமையை விட்டிலர். மணம் புரிந்துகொள்ளவுமில்லை. இவையெல்லாம் நல்ல தலைவர் எவரும் செய்யக்கூடியவையே. அவர்க்கே உரிய பணி வேறொன்று.

ஆக்ஸ்போர்டில் முதன்முதல் நூல் அச்சிடப்பெற்றது 1478ஆம் ஆண்டில். அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்திற்கு எழுதப்பட்ட உரை அது. அதன் இறுதியில் உரோம எண்ணில் ஒரு பத்துக் குறைந்துபோனமையால், 1468 என்றே ஆண்டு பதிந்துவிட்டது! தொடக்கமே பிழையாயிற்றுப் போலும். அதன்பின் நெடுங்காலம் அங்கு அச்சுத்தொழில் தனிப்பட்ட வணிகர் கையில் தளர்ந்தும் எழுந்தும் நடந்தது. பேரத்தியட்சர் லாட் என்பார் 1630களில் அரசரிடமிருந்து எவ்வகை நூலையும் அச்சிடும் உரிமையைச் சர்வகலாசாலைக்குப் பெற்றுத் தந்தார். ஆயின், அவ்வுரிமையைக் கையாளும் வன்மை சர்வகலாசாலைக்கு இல்லை. இலண்டன் நகரத்துப் புத்தக வணிகர் சங்கத்தார் ஆண்டுதோறும் இருநூறு பவுன் கொடுத்து, வேதாகமம், பஞ்சாங்கம் முதலிய ஊதியந்தரும் நூல்களை ஆக்ஸ்போர்டு அச்சிடாதிருக்குமாறு செய்துகொண்டனர். செய்யாதிருப்பதற்குக் கூலி பெற்ற கலாசாலை எனலாம். அக்காலத்து ஆங்கில அச்சு ஐரோப்பாவிற் பலவிடத்து அச்சினும் தாழ்ந்தது, எழுத்து தேய்ந்தது, தாள் பிரான்சிலிருந்து வருவது. லைடன் நகரத்து நூலையும் ஆக்ஸ்போர்டு நூலையும் அருகருகே வைத்து நோக்கிய கற்றோர், இரண்டாவதற்கு நாணியிருத்தல் கூடும்.

ஃபெல் இதனைப் பொறுத்திலர். அவர் துணைவேந்தராயிருந்த காலத்திலேதான் ஷெல்டோனியன் அரங்கம் எழுந்தது. பேரத்தியட்சர் கில்பர்ட் ஷெல்டன் பன்னிரண்டாயிரம் பவுனுக்கு மேற்பட்ட தம் பொருளை ஈந்தார். அப்போது ஆக்ஸ்போர்டில் வானநூற் பேராசிரியராயிருந்த கிறிஸ்டபர் ரென் அதனை வகுத்தார். 1669ஆம் ஆண்டு சூலையில் அது திறக்கப்பட்டது. பட்டமளிப்பு விழாவுக்கென அமைந்த அவ்வழகிய மண்டபத்திலேயே ஃபெல் அச்சுப்பொறிகளையும் கொண்டுவந்து வைத்தார். விழா நாள் வருந்தோறும் எழுத்துக் கோப்போர் தம் பெட்டிகளைச் சுமந்துகொண்டு இடம்பெயர வேண்டியதாயிற்று. அது தொல்லைதான். எனினும் அத்தொல்லையிலிருந்தே ஒரு நன்மை விளைந்தது. அங்கு அச்சான நூல்களின் முதற்பக்கத்தில், ஷெல்டோனியன் அரங்கினின்று வெளிவந்தது என்னும் பொருள்பட இலத்தீனில் எழுதி, அவ்வரங்கின் சிறு சித்திரத்தையும் செப்புத்தகட்டிற் செதுக்கிப் பதிப்பித்தனர். ஆக்ஸ்போர்டின் பழைய விருது, ஏழு முத்திரையுடைய திறந்த நூலும் மூன்று முடிகளும் கொண்டது; அது கைவிடப்படவில்லை. ஆனால் அரங்கின் உருவம் புதியது. அக்காலத்தில் ஐரோப்பாவின் எந்நகரத்துப் புத்தகக் கடையிலும் அச்சித்திரத்தைக் கண்டவர், மேல்வரி படிக்குமுன்னரே நூல் வந்த இடத்தை அறிந்துகொள்வர். இதனினும் இலச்சினைக்கு வேறு தொழில் யாது?

நிற்க. முகப்புச் சித்திரம் மட்டும் நன்றாயிருந்து உள்ளே எழுத்து மழுங்கியிருப்பின் என்ன பயன்? அக்காலத்தில் அச்செழுத்துச் செய்யும் முறையை அறியாதார்க்கு ஃபெல் பட்ட பாடு விளங்காது. முதலில் எஃகுக் கோலொன்றின் முனையில் ஓரெழுத்தை எதிர்முகமாகச் செதுக்கவேண்டும். நுண்ணிய அரமும் உளியுமே கருவி. அதனை வன்மையாக்கிச் செப்புக் கட்டியில் அடித்தால் பள்ளமாக எழுத்துப் பதியும். அப்பள்ளத்தை அச்சாக வைத்து ஈயக்கலவையைக் காய்ச்சி வார்த்தால் ஓர் அச்செழுத்துக் கிடைக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்வெழுத்து, எண், குறி எனப் பலவாறு ஒவ்வோர் அளவிலும் நூற்றுக்கு மேற்பட்ட கோல்கள் வேண்டும்; அளவுகளோ பத்துக்கு மேல். இக்கலையில் வல்லார் அக்காலத்து இங்கிலாந்தில் அரியர். ஆகவே ஃபெல் கடல்கடந்து ஹாலந்தை நோக்கினார்.

அங்கே தாமஸ் மார்ஷல் என்னும் ஆங்கிலக் குருவானவர், டார்டிரெக்ட் நகரத்து ஆங்கில வணிகர்க்கு ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார். கீழ்த்திசை மொழிகளிற் பெரும்புலமை வாய்ந்தவர். ஃபெல் அவர்க்குக் கடிதத்தின்மேற் கடிதம் எழுத, அவர் எழுத்து வார்ப்போர் பட்டறைதோறும் சென்று விலைபேசி, எஃகுக் கோல்களையும் செப்பச்சுகளையும் வாங்கி 1670ஆம் ஆண்டையடுத்துச் சிறிது சிறிதாக அனுப்பினார். குருத்துவமும் புலமையும் உடைய ஒருவர் வணிகரோடு நின்று ஈயத்துக்கும் எஃகுக்கும் பேரம் பேசிய காட்சியை எண்ணுந்தோறும் எனக்கு இன்பம் பிறக்கின்றது. வந்த எழுத்துக்கள் ஒருவர் கையால் ஆனவையல்ல. சில ராபர்ட் கிரான்ஜான் முதலிய பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கைவினைஞர் செதுக்கியவை. சில பிற்காலத்து ஹாலந்தியருடையவை. எனவே ஓரளவின் சாயலும் மற்றோரளவின் சாயலும் முற்றும் ஒவ்வா. ஒருமைப்பாடே அழகு என்பார் இதனைக் குறையென்பர். எனக்கோ அக்குறையே அவ்வெழுத்துக்களுக்கு உயிர் கொடுப்பதாகத் தோன்றுகிறது. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் முகம் வேறாயினும் அக்குடும்பத்தவர் என அறியப்படுமாறு போல, பக்கம் முழுவதும் கருத்தழுத்தமாகவும் சற்றே கரடுமுரடாகவும் தோன்றும் அச்சு, ஆக்ஸ்போர்டின் அச்சு என்று அடையாளம் பெற்றது.

வாங்கியவற்றோடு அவர் அமையவில்லை. ஜெர்மானியராகிய பீட்டர் தெ வால்பெர்கன் என்னும் எழுத்துச் சிற்பியை ஆக்ஸ்போர்டுக்கே வருவித்துக் குடியமர்த்தினார். மிகப்பெரிய அளவு எழுத்துக்களும் இசைக்குறி எழுத்துக்களும் அவர் கைவேலை. பழந்தமிழ் பயில்வார் ஏடுகளைத் தேடுமாறு போலப் பழைய ஜெர்மானிய மொழிகளைத் தேடித் தேடிப் பயின்ற பிரான்சிஸ்கஸ் ஜூனியஸ் என்னும் முதியவர், தாம் செய்வித்து வைத்திருந்த காதிக், ரூனிக், ஆங்கிலோ-சாக்சன் எழுத்துக்களை 1677இல் சர்வகலாசாலைக்குத் தானமாக ஈந்தார். தாளுக்கும் வழி செய்தார் ஃபெல். அயலூராகிய உல்வர்கோட்டில் நல்ல தாள் செய்யும் ஆலையை ஊக்கினார்.

1672ஆம் ஆண்டில் ஃபெல்லும், தாமஸ் யேட், லியோலைன் ஜென்கின்ஸ், ஜோசப் வில்லியம்சன் என்னும் மூவரும் கூடி, அச்சுரிமையை ஆண்டொன்றுக்கு இருநூறு பவுன் குத்தகைக்குத் தாமே எடுத்துக்கொண்டனர். இலண்டன் வணிகர் கொடுத்துவந்த தொகையும் அதுவே. சர்வகலாசாலைக்கு இழப்பில்லை, இழப்பு வருமாயின் அது இந்நால்வர்க்கே. 1675இல் ஆக்ஸ்போர்டின் முதல் ஆங்கில வேதாகமம் வெளிவந்தது. அதே ஆண்டில் ஃபெல் தாமே கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் பாடபேதங்களைத் திரட்டிக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தார். 1682இல் பரிசுத்த சிப்ரியானின் நூல்கள் அவர் பார்வையில் வெளிவந்தன. 1677இல் ராபர்ட் பாயிலின் பொருளுதவியால் மலாய் மொழியில் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அங்கே அச்சாகிக் கீழ்த்திசைக்கு அனுப்பப்பட்டன. இது நம்போன்றார் மறக்கத்தகாத செய்தி. டேவிட் லாகன் என்னும் செப்புச் சிற்பி சர்வகலாசாலைக்கென்றே அமர்த்தப்பட்டு, கலாசாலைகள் யாவற்றையும் பறவை நோக்கிற் காட்டும் படநூலை 1675இல் வெளியிட்டார். ஆண்டுக் காலக்குறிப்பையும் பெருந்தாளில் சித்திரத்தோடு 1674இல் அச்சிட்டனர். 1676 முதல் அஃது ஆண்டுதோறும் வெளிவரலாயிற்று. இல்லத்துச் சுவரில் ஆண்டு முழுதும் தொங்கும் அத்தாள், ஆக்ஸ்போர்டின் பெயரை நூல் வாங்காதார் கண்ணிலும் நிறுத்திற்று.

ஊதியம் வந்ததோ எனின், இல்லை. கற்றோர்க்குரிய நூல்கள் மெல்லவே விற்றன. மலிவான வேதாகமம் அச்சிடத் தொடங்கியவுடன் இலண்டன் சங்கத்தார் விலையைக் குறைத்துப் போரிட்டனர். ஈற்றில் தாமஸ் கை, பீட்டர் பார்க்கர் முதலிய வணிகரிடம் வேதாகம உரிமையைக் குத்தகைக்கு விடவேண்டியதாயிற்று. (இலண்டனிற் பெயர்பெற்ற கை மருத்துவமனையை நிறுவிய தாமஸ் கை இவரே.) ஃபெல் தம் பொருளையும் காலத்தையும் இதிற் கொட்டிக்கொண்டேயிருந்தார்.

கட்டிடத்திலும் அவர் கருத்து அதுவே. கிறைஸ்ட் சர்ச்சின் பெருவாயில் உல்சியின் காலமுதல் மேல்மாடமின்றி நின்றது. 1681இல் ஃபெல் மீண்டும் ரென்னை அழைத்தார். ரென் உரோமரின் கட்டிட முறையில் வல்லவர். ஆயினும் நிறுவினவர் தொடங்கிய பழைய கூர்வளைவு முறையோடு பொருந்துமாறே கோபுரம் எழவேண்டுமென இசைந்து, அவ்வாறே வகுத்துக் கொடுத்தார். முன்னரே 1680இல் உருக்கி வார்க்கப்பட்ட டாம் என்னும் பெருமணி அதில் ஏற்றப்பட்டது. புதியது பழையதற்கு முரணாதிருக்க வேண்டும் என்ற இந்த உணர்ச்சி, தங்கள் கலாசாலையின் உருவை மாற்றப் புகுவார்க்கு எக்காலும் வேண்டுவதொன்று.

இனி, சொல்லாமல் விட நான் விரும்பும் பகுதிக்கு வருகிறேன், விடுதல் நேர்மையன்று. அந்தோணி உட் என்பார் பல்லாண்டு ஏடுகளிடையே கிடந்து ஆக்ஸ்போர்டின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். ஃபெல் அதனை நூறு பவுனுக்குப் பெற்று, இலத்தீனில் மொழிபெயர்ப்பித்து, 1674இல் அழகிய பெருநூலாக வெளியிட்டார். அச்சு அழகியதே. ஆனால் மொழிபெயர்ப்பாளர் கைவழியாகத் தாம் விரும்பியவற்றைச் சேர்த்தும் விரும்பாதவற்றை மாற்றியும் விட்டார். தத்துவ ஆசிரியர் தாமஸ் ஹாப்ஸைப் பற்றி உட் எழுதியிருந்த நன்மொழிகள் இழிமொழிகளாயின. எண்பத்தாறு வயதுக் கிழவராகிய ஹாப்ஸ் முறையிட்டு ஒரு கடிதம் வெளியிட்டார். அதற்கு ஃபெல் நூலின் இறுதியில் எழுதிச் சேர்த்த விடை, ஒரு குருவின் வாயிலிருந்து வரத்தக்கதன்று. உட் தம் நூல் கெடுக்கப்பட்டதென வாழ்நாளெல்லாம் வருந்தி, ஆங்கிலத்தில் மீண்டும் எழுதிவைத்தார். அது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சேறிற்று. மூலபாடத்தின் அருமை அறியாதவரோ ஃபெல்? கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஓர் எழுத்து வேறுபாட்டையும் விடாது குறித்தவர் அவரே. இறந்தார் எழுத்துக்கு அளித்த மதிப்பை, உயிரோடிருந்து எதிரே நின்ற எழுத்தாளனுக்கு அவர் அளிக்கவில்லை. பதிப்பாசிரியர் பிழைகளுள் இதனினும் பெரிது யான் அறியேன். அழகிய முகப்பு இதனை மறைக்க மாட்டாது.

ஜான் லாக்கின் செய்தியும் அத்தகையதே. அவர் கிறைஸ்ட் சர்ச்சில் மாணவர்க்குரிய மானியம் பெற்றுவந்தவர். அரசரின் பகைவரோடு சேர்ந்தவர் என்ற ஐயத்துக்கு ஆளாகி ஹாலந்தில் இருந்தார். அவரை நீக்குமாறு 1684 நவம்பரில் இரண்டாம் சார்லஸ் ஆணை விடுத்தார். லாக் பேச்சில் மிகவும் அடக்கமுடையவர், குற்றமொன்றும் பிடிக்க இயலவில்லை என்று முதலில் எழுதிய ஃபெல், அழைத்து விசாரிக்கலாமென்றும் ஒரு வழி கூறிப் பார்த்தார். ஆணை மறுமுறை வந்தது, விசாரணையின்றியே நீக்கிவிட்டார். 1648இல் தாம் நீக்கப்பட்டதை அவர் அந்நாளில் நினைத்தாரோ, என்னவோ!

1686ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் ஃபெல் இறைவனடி சேர்ந்தார். கிறைஸ்ட் சர்ச் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கோல்களையும் அச்சுகளையும் எழுத்துக்களையும் சர்வகலாசாலைக்கே உரியவாகுமாறு மரணசாசனம் எழுதி வைத்திருந்தார். 1693இல் அவற்றின் மாதிரிகளைத் திரட்டி ஒரு சிறு நூலாக வெளியிட்டனர். அடுத்த நூற்றாண்டில் காஸ்லன் என்பாரின் மெல்லிய எழுத்து நாடெங்கும் பரவவே, ஃபெல்லின் எழுத்துக்கள் பழமையெனத் தள்ளப்பட்டுப் பெட்டிகளிற் கிடந்தன. நல்லகாலம், உருக்கப்படவில்லை. 1877ஆம் ஆண்டளவில் உஸ்டர் கலாசாலையைச் சேர்ந்த டேனியல் என்னும் குருவானவர், தம் இல்லத்துச் சிறு அச்சுப்பொறிக்கு அவற்றைக் கேட்டு வாங்கிக் கவிதை நூல்கள் அச்சிடத் தொடங்கினார். கண்டவர் வியந்தனர். 1895 முதல் 1899 வரை கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் வெளியிட்ட யாட்டெண்டன் ஞானப்பாட்டுநூலில், ஃபெல்லின் எழுத்தும் வால்பெர்கனின் இசைக்குறியும் இருநூறாண்டுக்குப்பின் ஒருங்கே துதிபாடின.

ஸ்டான்லி மாரிசன் என்னும் அச்சுக்கலை அறிஞர் இவ்வெழுத்துக்களின் வரலாற்றைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து ஒரு பெருநூல் எழுதினார். ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் பொறியால் வார்க்காமல், ஃபெல்லின் எழுத்துக்களையே ஒவ்வொன்றாகக் கையாற் கோத்து அதனை அச்சிட்டனர். 1967ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அந்நூல் வெளிவந்தது. மாரிசன் அதற்கு முதல்நாள் காலமாகியிருந்தார்.